தண்ணீரில் நின்றும் தாகம்: வெட்டிய ரோஜாவைக் காக்கும் அறிவியல்

கடையில் வாங்கிவந்த ரோஜா மூன்றாம் நாளே தலையைத் தொங்கப் போட்டுவிட்டால், பழைய பூவைக் கொடுத்துவிட்டார்கள் என்று கடைக்காரரைக் குறை சொல்வோம். பல வேளைகளில் அந்தக் குறை பொருந்தாது. அந்தப் பூவை உற்றுப் பார்த்தால் தெரியும்: இதழ்கள் நிறம் மாறியிருக்காது, மொட்டு முழுதாக விரிந்திருக்காது, இலைகூடப் பச்சையாகத்தான் இருக்கும். பூவுக்குச் சற்றுக் கீழே, கழுத்துப் பகுதியில் மட்டும் காம்பு மடங்கியிருக்கும். சாடியிலோ பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கும். வயதாகி உதிரும் பூ இப்படிச் சாவதில்லை. இது தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தால் செத்த பூ.

வெட்டிய ரோஜாவைப் பராமரிப்பது பற்றி வீட்டுக்கு வீடு ஒரு குறிப்பு உண்டு. சர்க்கரை போடு என்பார் ஒருவர். காசு போடு என்பார் இன்னொருவர். ஆஸ்பிரின் மாத்திரை, ஐஸ் தண்ணீர், சோடா என்று பட்டியல் நீளும். இவற்றில் எது பயன்படும், எது படாது என்று தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: காம்புக்குள் தண்ணீர் ஏறும் பாதையை இது திறந்து வைக்கிறதா, அடைக்கிறதா? அந்தப் பாதையைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கிவிடும்.

மலையிலிருந்து சமவெளிக்கு

மலேசியாவில் புத்ராஜெயாவுக்கு அருகே உள்ள டெங்கில் வட்டாரத்துத் தமிழர்களில் பலர் தோட்டத்து மக்கள். 1990-களில் புத்ராஜெயா எழுந்தபோது பிராங் புசார் முதலிய தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் டெங்கிலின் தாமான் பெர்மாத்தாவுக்குக் குடிபெயர்ந்தன. சாமி படத்துக்குப் பறிப்பதற்கென்று வாசலில் ஒரு ரோஜாச் செடி வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். ஆனால் அந்தச் செடி தரும் பூவும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில் நீண்ட காம்போடு நிற்கும் பூவும் ஒன்றல்ல. லங்காட் ஆற்றங்கரையில், கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் டெங்கிலில் பகலில் 32, 33 டிகிரி செல்சியஸ் சாதாரணம். இரவிலும் 23, 24-க்குக் கீழே இறங்குவது அரிது. இந்த வெப்பத்தில் ரோஜா அவசரமாகப் பூக்கும். காம்பு குட்டையாகும், இதழ் எண்ணிக்கை குறையும், சிவப்பு வெளிறும். சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நிறமி குளிர்ந்த சூழலில்தான் செழிப்பாக உருவாகிறது.

அதனால்தான் நாம் வாங்கும் ரோஜா எங்கோ ஒரு மலையிலிருந்து வருகிறது. உள்நாட்டு ரோஜாவின் முக்கிய ஊர் பகாங்கின் கேமரன் மலை. தோட்டங்கள் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. கோலாலம்பூருக்கு அங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். தமிழ்நாட்டின் ரோஜா ஊரான ஒசூரும் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கு பசுமைக்குடில்களில் வளரும் 'தாஜ்மகால்' என்ற சிவப்பு ரோஜா காதலர் தினத்தை ஒட்டி வெளிநாடுகளுக்குப் பறக்கிறது. உலகச் சந்தையை நிரப்பும் கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையோ சுமார் 1,900 மீட்டர். நிலநடுக்கோட்டுக்கு அருகே நல்ல வெயில், உயரத்தால் கிடைக்கும் குளிர்ந்த இரவு: நீண்ட காம்பு ரோஜா கேட்பது இந்த இரண்டையும்.

ஆக, நம் கைக்கு வரும்போதே அந்தப் பூ ஒரு பயணம் முடித்து வந்திருக்கிறது. கேமரன் மலையிலிருந்து லாரியில் இறங்கி பெட்டாலிங் ஸ்ட்ரீட் மொத்த வியாபாரக் கடைகளுக்கும், அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா சாலை, காஜாங், டெங்கில் என்று சில்லறைக் கடைகளுக்கும் பிரிகிறது. வெளிநாட்டுப் பூ டெங்கிலுக்குப் பக்கத்திலேயே, சிப்பாங் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறது. இந்தப் பயணத்தின் பெரும்பகுதியில் ரோஜா அட்டைப்பெட்டிக்குள் தண்ணீரின்றிப் படுத்துக் கிடக்கிறது. வீட்டில் நாம் செய்யவேண்டிய முதல் வேலை எதுவென்று இதிலிருந்தே தெரிகிறது.

வெட்டியவுடன் காம்புக்குள் என்ன நடக்கிறது?

செடியில் தண்ணீரை மேலே தள்ளுவது வேர் என்று பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது இழுத்தல். இலையின் அடிப்பக்கத்தில் உள்ள நுண்ணிய இலைத்துளைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாகும் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குப் பின்னால் இருப்பதை இழுக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இயல்புள்ளவை என்பதால், சைலம் என்னும் நுண்குழாய்களுக்குள் இலை முதல் வேர் வரை அறுபடாத ஒரு நீர்த்தூண் இழுபட்டு நிற்கிறது. டப்ளின் நகரில் ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி என்ற இரு அறிஞர்கள் 1894-இல் முன்வைத்த விளக்கம் இது. இன்றும் தாவரவியலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று.

இழுபட்டு நிற்கும் தூணை வெட்டினால் என்ன ஆகும்? வெட்டுவாயில் தண்ணீர் சட்டென்று உள்வாங்கி, அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். காம்பு வெளியில் கிடக்கும் நேரமெல்லாம் இலைகள் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் காற்று இன்னும் மேலே ஏறும். பிறகு காம்பைத் தண்ணீரில் வைத்தாலும், கீழே உள்ள தண்ணீருக்கும் மேலே உள்ள தண்ணீருக்கும் நடுவில் காற்றுக்குமிழ் ஒன்று குந்திக்கொண்டிருக்கும். தொடர்பு அறுந்த தூணால் இழுக்க முடியாது.

இயற்கை இதற்கு ஓரளவு பாதுகாப்பு வைத்திருக்கிறது. சைலம் குழாய்கள் காம்பின் முழு நீளத்துக்கும் ஒரே குழாயாக ஓடுவதில்லை. சில சென்டிமீட்டர் நீளமுள்ள பல குழாய்கள் அடுத்தடுத்து இணைந்து பாதையாகின்றன. இணையும் இடங்களில் மிக நுண்ணிய சவ்வுகள் உண்டு. தண்ணீர் அவற்றைக் கடக்கும். காற்றுக்குமிழ் எளிதில் கடக்காது. எனவே காற்று பெரும்பாலும் வெட்டுப்பட்ட குழாய்களோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்தவுடன் அடிக்காம்பை மீண்டும் ஒருமுறை வெட்டச் சொல்வதன் காரணம் இதுதான். அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டரை நீக்கினால் காற்றும் அழுக்கும் நிறைந்த பகுதியில் பெரும்பங்கு போய்விடும். அந்த வெட்டை ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் காம்பை மூழ்கவைத்துச் செய்தால் புதிய வெட்டுவாயில் காற்றுக்குப் பதில் தண்ணீரே நுழையும்.

வெட்டுவது கூரான கத்தியாக இருக்கட்டும். மழுங்கிய கத்தரிக்கோல் குழாய்களை நசுக்கிவிடும். சாய்வாக வெட்டினால் நிறையத் தண்ணீர் ஏறும் என்பது பரவலான நம்பிக்கை. சாய்ந்த வெட்டின் உண்மையான பயன் வேறு: காம்பின் அடி சாடித் தரையில் தட்டையாக ஒட்டிக்கொள்ளாது. காம்பின் நுனியைச் சுத்தியால் நசுக்குவதும் நெருப்பில் சுடுவதும் ரோஜாவுக்குக் கெடுதல். நசுங்கிய திசுவிலிருந்து வடியும் சாறு அடுத்த எதிரிக்கு விருந்தாகிறது.

கண்ணுக்குத் தெரியாத அடைப்பு

அந்த எதிரி பாக்டீரியா. காற்றுக்குமிழ் முதல் மணி நேரத்துச் சிக்கல் என்றால், பாக்டீரியா இரண்டாம் நாளிலிருந்து தொடங்கும் சிக்கல். வெட்டுவாயிலிருந்து சர்க்கரையும் புரதமும் தண்ணீரில் கசிகின்றன. மூழ்கிய இலைகள் அழுகுகின்றன. முப்பது டிகிரி வெப்பத்தில் நுண்ணுயிரிகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அவை பெருகி, தம்மைச் சுற்றிக் கோந்து போன்ற பசையைச் சுரக்கின்றன. இலையின் இழுவிசையே அந்தப் பசையையும் உயிரிகளையும் காம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. நுண்ணிய சவ்வுகளில் அவை படிந்து பாதையை மூடுகின்றன.

நெதர்லாந்தில் வூட்டர் வான் டோர்ன் என்ற ஆய்வாளர் கொய்மலர்களின் நீர்ப்பாதை அடைப்பை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவரும் மற்றவர்களும் செய்த ஆய்வுகள் காட்டியது: சாடித் தண்ணீரில் மில்லிலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் பாக்டீரியா சேரும் அளவிலேயே ரோஜாக் காம்பின் நீரோட்டம் குறையத் தொடங்குகிறது. அந்த அளவில் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரியும். கலங்கி, நாற்றம் வந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருந்தால் வேளை கடந்துவிடும்.

கழுத்து மடங்குவது ஏன் என்பதும் இப்போது புரியும். கழுத்துப் பகுதி காம்பிலேயே இளமையானது. அடிக்காம்பைப் போல மரத்தன்மை ஏறி இறுகாதது. செல்களுக்குள் நிறைந்த தண்ணீரின் அழுத்தம்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. வரத்து குறைந்து, இலைகளோ ஆவியாக்கிக்கொண்டே இருந்தால், முதலில் தளர்வது கழுத்துதான். மிக இளம் மொட்டாக வெட்டிய பூவில் கழுத்து இன்னும் முற்றாததால் இது எளிதில் நேரும். ஆகவே வாங்கும்போதே பாருங்கள்: பச்சைப் புல்லிதழ்கள் மொட்டைவிட்டு விலகிக் கீழ்நோக்கி மடங்கியிருக்கவேண்டும், வெளி இதழ் ஒன்றிரண்டு விரியத் தொடங்கியிருக்கவேண்டும். புல்லிதழ்கள் இன்னும் மொட்டை இறுகப் பற்றியிருந்தால் அது பெரும்பாலும் விரியாமலே தலைசாயும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். சாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். முன்பு வைத்த பூவின் வழவழப்பு உட்சுவரில் ஒட்டியிருந்தால், புதுத் தண்ணீர் ஊற்றிய மணிநேரத்திலேயே பழைய பாக்டீரியா பெருகத் தொடங்கிவிடும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரும் இலைகளை மட்டும் நீக்குங்கள். மேலே உள்ளவை இருக்கட்டும், தண்ணீரை இழுப்பவை அவைதான். முள்ளைக் கத்தியால் சுரண்டாதீர்கள். ரோஜாவின் முள் காம்பின் மேல்தோலில் வளர்ந்தது. விரலால் பக்கவாட்டில் தள்ளினாலே உடையும். சுரண்டினால் பட்டை கிழிந்து, ஒவ்வொரு காயமும் பாக்டீரியாவுக்கு வாசலாகும். மொட்டின் வெளிப்புறத்தில் பச்சையும் பழுப்புமாய்த் தடித்த இதழ்கள் ஒன்றிரண்டு இருக்கும். அவை பயணத்தில் உள்ளிதழ்களைக் காத்த காவல் இதழ்கள். கெட்டுப்போன பூ என்று எண்ணவேண்டாம். மெல்ல உரித்தால் புதிய பூ வெளிப்படும்.

ஊற்றும் தண்ணீர் ஐஸ் தண்ணீராக இருக்கக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரின் பிசுபிசுப்பு குறைவு. 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போகும்போது அது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதில் கரைந்திருக்கும் காற்றும் குறைவு. அதனால் அது வறண்ட காம்பில் விரைவாக ஏறுகிறது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருப்பது இந்த ஒன்றில் நமக்கு அனுகூலம். தலைசாய்ந்த பூவைக்கூட முதல் சில மணி நேரத்துக்குள் மீட்கலாம்: அடிக்காம்பைப் புதிதாக வெட்டி, வாளித் தண்ணீரில் பூவும் காம்புமாக முழுதும் படுக்கவைத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு கழுத்து நிமிர்ந்திருக்கும்படி செய்தித்தாளில் சுற்றி, ஆழமான தண்ணீரில் நிழலில் நிறுத்துங்கள். பாதை அடைபட்டது காற்றால் மட்டும் என்றால் பூ எழுந்துவிடும். எழவில்லையென்றால் அடைப்பு பாக்டீரியாவால்.

சர்க்கரையும் புளிப்பும்

மொட்டு விரிவது செல்கள் எண்ணிக்கையில் பெருகுவதால் நிகழ்வதில்லை. ஏற்கெனவே இருக்கும் இதழ்ச் செல்கள் நீரால் பருப்பதால் நிகழ்கிறது. மொட்டில் சேமித்திருந்த மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது. சர்க்கரை மிகும் செல்லுக்குள் தண்ணீர் தானாகப் புகுகிறது. இதழ் நீண்டு வளைகிறது. செடியில் இருக்கும்போது இலைகள் சர்க்கரை தந்துகொண்டே இருக்கும். வரவேற்பறையின் மங்கிய வெளிச்சத்தில் அந்த வருமானம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. எனவே சர்க்கரை ஊட்டினால் மொட்டு முழுதாக விரியும், நிறமும் நிலைக்கும் என்பது உண்மை.

ஆனால் வெறும் சர்க்கரைத் தண்ணீர் ரோஜாவுக்குத் தீங்கு. பூவைவிட முந்திக்கொண்டு பாக்டீரியா அதை உண்டுவிடும். பாதை இன்னும் விரைவில் அடைபடும். ஆகவே சர்க்கரையோடு இரண்டு காவலர்களும் வேண்டும். ஒன்று புளிப்பு: தண்ணீரின் அமிலநிலையைக் காட்டும் pH எண் 3.5 அளவுக்கு இறங்கினால் பாக்டீரியா பெருகுவது தளர்கிறது, காம்பில் நீரோட்டமும் மேம்படுகிறது. இன்னொன்று கிருமிக்கொல்லி. பூக்கடைகளில் பூங்கொத்தோடு கொடுக்கும் சிறு பொட்டலத்தில் இந்த மூன்றும்தான் இருக்கின்றன. சோடா ஊற்றும் வழக்கம் ஓரளவு பலிப்பதற்கும் அதிலுள்ள சர்க்கரையும் சிட்ரிக் அமிலமுமே காரணம்.

பொட்டலம் இல்லாதபோது வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி வடிகட்டிய எலுமிச்சைச் சாறு அல்லது லிமாவ் கஸ்தூரிச் சாறு, கால் தேக்கரண்டி வாசனை சேர்க்காத குளோராக்ஸ் வெளுப்புநீர். இதில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை உண்டு. குளோராக்ஸையும் எலுமிச்சைச் சாற்றையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. அடர்த்தியாகச் சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும். முழு லிட்டர் தண்ணீரை முதலில் எடுத்து, அதில் சர்க்கரையையும் சாற்றையும் கரைத்து, கடைசியில் குளோராக்ஸை விடுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் குளோராக்ஸைத் தவிர்த்துவிடலாம். அப்போது சர்க்கரையையும் தவிர்த்துவிட்டு, நாள்தோறும் தண்ணீர் மாற்றி, ஒரு சென்டிமீட்டர் காம்பை வெட்டினால் ஏறத்தாழ அதே பலன் கிடைக்கும்.

புளிப்புக் கரைசலைப் பித்தளைச் செம்பிலோ வேறு உலோகப் பாத்திரத்திலோ ஊற்றாதீர்கள். உலோகம் கரைந்து பூவைக் கெடுக்கும். கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக் ஆகியவை நல்லவை. சாடியில் காசு போடுவதால் பயனில்லை. செம்பு அயனி பாக்டீரியாவைக் கொல்லும் என்பது சரிதான். ஆனால் ஒரு நாணயத்திலிருந்து அந்த அளவுக்குச் செம்பு கரைவதில்லை. ஆஸ்பிரின் தண்ணீரைச் சற்றுப் புளிப்பாக்கும். அதற்கு எலுமிச்சையே போதும்.

வெப்பம் தின்னும் நாட்கள்

வெட்டிய பூவும் சுவாசிக்கிறது. சேமித்த சர்க்கரையை எரித்துத்தான் உயிர் தரிக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்தச் சுவாசம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும், 30 டிகிரியில் கிடக்கும் பூ 0 டிகிரியில் இருக்கும் பூவைவிட 8 மடங்கு வேகமாகத் தன்னைச் செலவழிக்கிறது. மூன்று மடங்கு என்றால் 27 மடங்கு. மொத்த வியாபாரிகள் ரோஜாவை உறைநிலைக்குச் சற்று மேலே, 1 அல்லது 2 டிகிரியில் வைப்பது இதனால்தான். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் பூங்கொத்து கிடக்கும் ஒரு மணி நேரம், குளிரறையின் ஒரு நாளையே தின்றுவிடக்கூடும்.

வீட்டில் ஏர்கோன் போட்டால் பூவுக்கு நல்லதா? இதில் பலர் எதிர்பாராத ஒரு கணக்கு இருக்கிறது. பூவிலிருந்து தண்ணீர் ஆவியாவதைத் தீர்மானிப்பது வெப்பம் மட்டுமில்லை. காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கக் காத்திருக்கிறது என்பதுதான். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள டெங்கில் காற்றில் அந்த வெற்றிடம் சுமார் 0.85 கிலோபாஸ்கல். ஏர்கோன் ஓடும் அறையில் 24 டிகிரியும் 55 விழுக்காடும் என்றால் அது சுமார் 1.34 கிலோபாஸ்கல். அதாவது குளிர்ந்த அறைதான் பூவை ஒன்றரை மடங்குக்கு மேல் உலர்த்துகிறது. சுவாசம் குறைவதால் கிடைக்கும் லாபத்தைத் தாகம் தின்றுவிடும், நீர்ப்பாதை அடைபட்டிருந்தால். பாதை திறந்திருக்கும் பூவுக்கு ஏர்கோன் அறை நல்லதே. காற்று நேரே வீசும் இடத்தில் மட்டும் வைக்கவேண்டாம். மின்விசிறிக்கும் இது பொருந்தும். சாடியில் தண்ணீர் மட்டத்தை நாள்தோறும் பாருங்கள்.

ஈரமான ஊரில் குளிரூட்டலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த குளிர்பானப் போத்தல் வியர்ப்பது போலவே, குளிர்ந்த ரோஜாவை வெளியே எடுத்தவுடன் இதழ்மேல் நீர்த்துளி படியும். சாம்பல் பூஞ்சை எனப்படும் பொட்ரைட்டிஸின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. இதழ்மேல் சில மணி நேரம் ஈரம் நின்றால் போதும், அவை முளைத்துவிடும். இதழ் ஓரத்தில் தோன்றும் பழுப்புப் புள்ளி அதன் முதல் அடையாளம். எனவே குளிர்ந்த பூங்கொத்தைச் சுற்றியிருக்கும் தாளை உடனே பிரிக்காமல், பூ அறை வெப்பத்துக்கு வந்தபின் பிரியுங்கள். பூவின் மேல் தண்ணீர் தெளிப்பது அழகாகத் தெரிந்தாலும் பூஞ்சைக்குத்தான் உதவும்.

பழத்தட்டின் பக்கத்தில் வைக்கலாமா?

1901-இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் டிமித்ரி நெல்ஜுபோவ் என்ற இளம் ஆய்வாளர், ஆய்வகத்துப் பட்டாணி நாற்றுகள் கோணல்மாணலாக வளரக் காரணம் விளக்கு வாயுவில் இருந்த எத்திலீன் என்று கண்டறிந்தார். 1934-இல் ரிச்சர்ட் கேன், பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளியிடுகிறது என்று நிறுவினார். தாவரத்துக்கு அது முதுமைச் செய்தி: பழத்தைக் கனிய வைக்கும், பூவை உதிர வைக்கும்.

ரோஜா இதற்கு எந்த அளவு மயங்கும் என்பது இரகத்தைப் பொறுத்தது. சில இரகங்களில் மொட்டு விரியாமல் நின்றுவிடும். சிலவற்றில் அவசரமாக விரியும். சிலவற்றில் இதழ் கொட்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஆப்பிளும் மாம்பழமும் இருக்க, அதிலேயே ரோஜாவையும் இரவு முழுக்க வைப்பது நல்லதல்ல. கோயிலுக்குப் போகும்போது பழுத்த வாழைச் சீப்பையும் பூவையும் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி வண்டியில் வைப்பதும் அப்படியே. மூடிய பைக்குள் எத்திலீன் சேரும். இரண்டு பை என்றால் சிக்கல் தீர்ந்தது. பூந்தொழிலில் எத்திலீனைத் தடுக்க 1970-களின் இறுதியிலிருந்து வெள்ளி தயோசல்பேட் கரைசலும், 1990-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் எட்வர்ட் சிஸ்லர், சில்வியா பிளாங்கென்ஷிப் இருவரும் கண்டறிந்த 1-எம்சிபி என்ற வாயுவும் பயன்படுகின்றன. அந்த வாயு, எத்திலீன் வந்து அமரவேண்டிய இடத்தில் முன்னதாக அமர்ந்துகொள்கிறது. இவை தொழிற்சாலைக்கும் பொதிநிலையத்துக்கும் உரியவை. வீட்டுக்குத் தூரம் ஒன்றே போதும்.

மாலைக்கு வேறு கணக்கு

இதுவரை சொன்னது காம்புள்ள ரோஜாவுக்கு. நம் மக்கள் ஆண்டு முழுதும் வாங்கும் ரோஜாவில் பெரும்பங்கு மாலையிலும் உதிரியாகவும் அல்லவா? தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் திருமணத்துக்கும் கட்டும் ரோஜாவுக்குத் தண்ணீர் ஏறப் பாதையே கிடையாது. பறித்த நொடியில் இருந்த தண்ணீர்தான் அதன் முழுச் சொத்து. ஊட்டவோ ஏற்றவோ வழியில்லை. இழப்பைக் குறைக்க மட்டுமே முடியும்.

அதனால் மாலைக்கு மூன்று விதி. முதலாவது, நேரம்: செடி இரவு முழுக்கத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கும் விடியற்காலைப் பூவே அதிக ஈரம் உடையது. வாசல் செடியில் பறிப்பவர்கள் வெயில் ஏறுமுன் பறித்துவிடவேண்டும். இரண்டாவது, ஈரக்காற்று: வாழையிலையிலோ ஈரத்துணி விரித்த மூங்கில் கூடையிலோ மூடி வைத்தால் பூவைச் சுற்றி ஈரம் நிறைந்து ஆவியாவது நிற்கும். பூவின் மேல் நேரே தண்ணீர் கொட்டினால் கட்டிய இடத்தில் ஈரம் தேங்கி அழுகல் தொடங்கும். நனைந்த வாழைநாரில் கட்டுவது உலர்ந்த நூலில் கட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதல் ஈரம் தரும். மூன்றாவது, குளிர்: திருமண மாலையை ஐஸ்பெட்டியில் கொண்டுபோவதென்றால் ஐஸ் கட்டி பூவைத் தொடாதபடி நடுவில் தடித்த துணி விரியுங்கள். தொட்ட இதழ் உறைந்து, செல்கள் வெடித்து, கறுத்துப்போகும்.

மாலையில் சேர்க்கும் பன்னீர் ரோஜா மணக்கும். சாடியில் நிற்கும் நீண்ட காம்பு ரோஜா பெரும்பாலும் மணப்பதில்லை. இரண்டும் இருவேறு நோக்கங்களுக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. மணத்தை உருவாக்கும் ஒரு நொதியையும் அதன் மரபணுவையும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2015-இல் அடையாளம் கண்டார்கள். மணமற்ற பல இரகங்களில் அந்த மரபணு மிகக் குறைவாகவே இயங்குகிறது. நெடுந்தூரம் பயணிக்கவும் பல நாள் நிற்கவும் வளர்ப்பாளர்கள் ரோஜாவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்த வழியில் மணம் பின்தங்கிவிட்டது. பன்னீர் ரோஜா ஒரே நாளில் வாடுவதைக் குறையாக எண்ணவேண்டாம். அதன் மெல்லிய இதழ் அப்படிப்பட்டது.

நல்ல முடிவும் கெட்ட முடிவும்

நன்றாகப் பராமரித்த ரோஜாவும் ஒருநாள் முடியும். அந்த முடிவு எப்படி இருக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது. மொட்டு முழுதாக விரியும். சிவப்பு மெல்ல ஊதாவின் பக்கம் சாயும். ஏனென்றால், சர்க்கரை தீர்ந்தபின் இதழ்ச்செல் தன் புரதத்தையே உடைக்கத் தொடங்குகிறது. அதில் பிறக்கும் அம்மோனியா செல்லுக்குள்ளிருக்கும் சாற்றின் புளிப்பைக் குறைக்கிறது. புளிப்புக் குறைந்தால் அதே நிறமி நீலம் கலந்து தெரிகிறது. பிறகு இதழ்கள் ஒவ்வொன்றாக உதிரும். இது முதுமை, பூ தன் வாழ்நாளை வாழ்ந்து முடித்ததன் அடையாளம். விரியாமல், நிறம் மாறாமல் கழுத்து மடங்கினால் அது நாம் தடுத்திருக்கக்கூடிய தாகம்.

தமிழ்ப் பள்ளி மாணவர்கள் இதைத் தாங்களே அளந்து பார்க்கலாம். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ரோஜாக்களை நான்கு கண்ணாடிப் போத்தல்களில் வையுங்கள். முதலாவதில் மாற்றாத குழாய்த் தண்ணீர். இரண்டாவதில் நாள்தோறும் மாற்றும் தண்ணீரும் புதிய வெட்டும். மூன்றாவதில் சர்க்கரை மட்டும். நான்காவதில் ஆசிரியர் கலந்து கொடுத்த முழுக்கரைசல். தண்ணீர் தானாக ஆவியாகாதபடி போத்தல் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் காம்பை மட்டும் நுழையுங்கள். பூக்களைத் தனியாகவும் போத்தலைத் தனியாகவும் சமையலறைத் தராசில் நாள்தோறும் நிறுங்கள். முதல் நாட்களில் பூவின் எடை ஏறும்; விரிவதற்கான தண்ணீர் அது. எடை இறங்கத் தொடங்கும் நாளில் போத்தலைப் பாருங்கள்: தண்ணீர் இருக்கும், ஆனால் அது குறையும் வேகம் சரிந்திருக்கும். எந்தப் போத்தலில் அந்த நாள் முதலில் வருகிறது என்று எழுதிவைத்தால், நீர்ப்பாதை பற்றி இந்தக் கட்டுரை சொன்னதைச் சொந்தக் கண்ணால் சரிபார்த்துவிடலாம்.

ஒரு ரோஜாத் தளிர் முளைத்துப் பூவாகி வெட்டப்படுவதற்கு மலைத்தோட்டத்தில் ஆறு முதல் எட்டு வாரம் ஆகிறது. அத்தனை நாள் உழைப்பை வீட்டுக்கு வந்த மூன்றே நாளில் இழப்பது எனக்குப் பெரிய விரயமாகப் படுகிறது. மேலே சொன்னதில் எல்லாவற்றையும் செய்ய நேரமில்லாதவர்கள் இரண்டை மட்டும் செய்யுங்கள். சாடியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; காம்பைத் தண்ணீருக்குள் வைத்து வெட்டுங்கள். சர்க்கரைக்கும் எலுமிச்சைக்கும் முன்னால் வரவேண்டியவை இவை. இவற்றைச் செய்யாமல் வேறு எதைச் சேர்த்தாலும் அது பூவைப் போய்ச் சேராது.